வாசலோடு திரும்பியவர்கள்

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடுவதைவிட, ஓட இடம் பிடிப்பது கடினமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அன்று அந்த இடத்தைக் கொடுத்தது கடிகாரம். இன்று கொடுப்பது ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பந்தயம் ஞாயிற்றுக்கிழமைதான். பார்வையாளர் மேடைகள் காலியாகக் கிடக்கின்றன. பெரிய அணிகளின் நட்சத்திர டிரைவர்கள் ஓட்டல் அறையில் இருக்கலாம். ஆனால் கீழே தடத்தில் 13 கார்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் வேகமாக ஓடிக் காட்டும் நான்கு பேர் உள்ளே போகலாம். மற்ற ஒன்பது பேரும் ஒன்பது மணிக்கே மூட்டை கட்ட வேண்டும். லாரியில் காரை ஏற்றி, சில சமயம் ஒரு கண்டத்தையே கடந்து வந்தவர்களுக்கு அத்துடன் பயணம் முடிந்தது.

1989-ல் ஃபார்முலா 1 இப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டு 20 அணிகள் 39 கார்கள் வரை கொண்டுவந்தன. பந்தயத்தில் புறப்பட அனுமதி 26 கார்களுக்குத்தான். 39 பேரையும் ஒன்றாகத் தகுதிச் சுற்றில் விட்டால் தடம் தாங்காது. அதனால் தகுதிச் சுற்றுக்கே ஒரு தகுதிச் சுற்று வைத்தார்கள். முந்தைய பந்தயங்களில் பெயர் எடுத்த 26 கார்கள் நேரடியாக உள்ளே போகும். புதியவர்களும் நலிந்தவர்களுமான 13 பேர் காலை எட்டு மணிக்கு மோத வேண்டும். அதில் தேறிய நால்வரும் சேர்ந்து 30 பேர். அந்த முப்பதில் இன்னும் நாலு பேர் கழிவார்கள். ஆக, ஒரே வாரக் கடைசியில் இரண்டு முறை தோற்க வழி இருந்தது.

இந்த வாசலில் அதிக முறை திருப்பி அனுப்பப்பட்டவர் இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியல் தர்குவினி. மொத்தம் 25 முறை. அவர் ஓடிய பந்தயங்களே 38தான். அவரது கதையில் வேடிக்கை என்னவென்றால், 1989 மெக்சிகோ பந்தயத்தில் அவர் ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்திருந்தார். ஏஜிஎஸ் என்ற சின்னஞ்சிறு பிரெஞ்சு அணிக்கு அது பெரிய விஷயம். ஆனால் பருவத்தின் நடுவில் கணக்கைத் திரும்பப் போட்டு அணிகளை மறுபடி வரிசைப்படுத்துவது வழக்கம். அப்படிப் போட்டபோது ஏஜிஎஸ் எட்டு மணிக் கூட்டத்தில் தள்ளப்பட்டது. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் தர்குவினியால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

அவர் மோசமான டிரைவரா? 2009-ல், 47 வயதில், சியட் காரில் உலக டூரிங் கார் பட்டத்தை வென்றார். 2018-ல், 56 வயதில், ஹூண்டாய் காரில் உலக டூரிங் கார் கோப்பையையும் வென்றார். திறமை இருந்தது. காலை எட்டு மணிக்கு அதைக் காட்டத் தகுந்த கார் இல்லை.

தொடக்க வரிசைக்கு ஏன் எல்லை வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்கர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நேராக ஒரு கணக்குப் போட்டார்கள். இண்டியானபோலிஸ் தடத்தின் நீளம் இரண்டரை மைல், அதாவது 13,200 அடி. ஒரு காருக்கு 400 அடி இடைவெளி வேண்டும். வகுத்தால் வருவது 33. இண்டி 500 பந்தயத்தில் இன்றுவரை, சில விதிவிலக்குகள் தவிர, 33 கார்கள்தான் புறப்படுகின்றன.

ஃபார்முலா 1-ல் இத்தனை சுத்தமான கணக்கு இருந்ததில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அளவு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம் மலைக் காடுகளுக்கு நடுவே 22 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தது. 1953-ல் அங்கே 34 கார்கள் புறப்பட்டன. உலக சாம்பியன் பந்தயங்களில் இது இன்றும் சாதனை. மொனாக்கோவோ நகரத் தெருக்களில் சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்றிவரும் குறுகிய பாதை. 1960-களில் அங்கே 16 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. பின்னாளில் மற்ற ஊர்களில் 26 பேர் புறப்பட்டபோதும் அங்கே 20-தான்.

தொடக்க வரிசையை நேரம் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கமும் மொனாக்கோவில் 1933-ல் வந்ததுதான். அதுவரை கிராண்ட் ப்ரி பந்தயங்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டே யார் முன்னால், யார் பின்னால் என்று முடிவு செய்தார்கள். அதிர்ஷ்டத்தின் இடத்துக்குக் கடிகாரம் வந்தது நியாயம்தான். ஆனால் கடிகாரமும் எல்லா நேரமும் நியாயம் பேசுவதில்லை என்பதற்கு 1983 ஒன்றே போதும்.

அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் லாங் பீச்சில் பந்தயம். மெக்லாரன் அணியின் ஜான் வாட்சன் 22-வது இடத்திலிருந்து புறப்பட்டார். அதே அணியின் நிக்கி லவுடா 23-வது இடம். டயர்கள் சூடேறாமல் தகுதிச் சுற்றில் இருவரும் தடுமாறியிருந்தார்கள். பந்தயத்திலோ ஒவ்வொருவராகத் தாண்டி வாட்சன் முதலிடம், லவுடா இரண்டாமிடம். அவ்வளவு பின்னாலிருந்து புறப்பட்டு வேறு யாரும் ஃபார்முலா 1-ல் ஜெயித்ததில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் மொனாக்கோ. அதே அணி, அதே டிரைவர்கள், தகுதிச் சுற்றில் அதே பின்வரிசை. ஆனால் இங்கே இருந்தது 20 இடம். முதல் நாள் நேரத்தை இரண்டாம் நாளில் திருத்தலாம் என்றால் மழை வந்து கெடுத்தது. இரண்டு முறை உலக சாம்பியனான லவுடா ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. லாங் பீச்சிலும் இருபதோடு கதவைச் சாத்தியிருந்தால், அன்று ஜெயித்த இருவரும் உள்ளேயே வந்திருக்க முடியாது.

கதவைச் சாத்தினால் சுவர் ஏறிக் குதிப்பவர்களும் உண்டு. 1977-ல் ஹாக்கன்ஹைமில் நடந்த ஜெர்மன் கிராண்ட் ப்ரியில் உள்ளூர் டிரைவர் ஹான்ஸ் ஹேயருக்குத் தகுதி கிடைக்கவில்லை. பந்தயம் தொடங்கியதுமே முன்னால் மோதல், குழப்பம். அந்தச் சந்தடியில் ஹேயர் தன் காரைத் தடத்துக்குள் விட்டுவிட்டார். அழைப்பில்லாத பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த கதை. கியர் கோளாறில் ஒன்பது சுற்றோடு கார் நின்ற பிறகுதான் விஷயம் பெரிதானது. ஆவணங்களில் அவர் அந்த ஒரே பந்தயத்தில் தகுதி பெறாதவர், பந்தயத்தை முடிக்காதவர், தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் என மூன்றாகவும் இருக்கிறார்.

எட்டு மணிப் பரீட்சைக்குத் திரும்புவோம். அது கொடுமையான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது: அந்த வாசலில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம், வேகமாக ஓடினால் திறக்கும். 1989 மொனாக்கோவில் பிராபம் அணியின் ஸ்டெஃபானோ மொடேனா எட்டு மணிப் பரீட்சை எழுதித்தான் உள்ளே போனார். பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அதே ஆண்டு போர்ச்சுகலில், முதல் ஆண்டிலேயே திண்டாடிக்கொண்டிருந்த ஓனிக்ஸ் அணியின் ஸ்டெஃபான் ஜொஹான்சன் அதே வழியில் நுழைந்து அதே மூன்றாமிடம் பிடித்தார்.

இன்னும் பெரிய உதாரணம் ஜோர்டன். எடி ஜோர்டன் 1991-ல் புது அணியோடு வந்தபோது முதல் பந்தயத்திலேயே அவரது இரு டிரைவர்களில் ஒருவரான ஆண்ட்ரியா டி சேசரிஸ் வாசலோடு திரும்பினார். ஆறு மாதத்தில் நிலைமை தலைகீழ். கனடாவில் நாலாவது, ஐந்தாவது இடங்கள். பருவத்தின் நடுவில் எட்டு மணிக் கூட்டத்திலிருந்து விடுதலை. ஆகஸ்டில் பெல்ஜியத்தில் மைக்கேல் ஷூமாக்கர் என்ற அறிமுக இளைஞரை உட்கார வைத்து ஏழாவது இடத்திலிருந்து புறப்பட வைத்தது அந்த அணிதான். ஆண்டு முடிவில் அணிகளின் பட்டியலில் ஐந்தாமிடம்.

எல்லாரும் ஜோர்டன் ஆகிவிடவில்லை. 1990-ல் வந்த இத்தாலியின் 'லைஃப்' அணி வேறு யாரும் தொடாத 12 சிலிண்டர் 'டபிள்யூ' வடிவ இன்ஜினைத் தானே கொண்டுவந்தது. மற்றவர்கள் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கும் இமோலா தடத்தை ஒரு சுற்று சுற்ற அந்தக் காருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஓட்டியவர் புரூனோ ஜியாகொமெல்லி, அனுபவசாலி. குற்றம் அவருடையதல்ல. அந்த ஆண்டு ஒரு பந்தயத்தில்கூட லைஃப் வாசலைத் தாண்டவில்லை. 1992-ல் ஆண்ட்ரியா மோடா என்ற இன்னொரு அணி. தகுதிச் சுற்றைக் கடப்பதே கனவாக இருந்த அந்தக் காரை ரொபெர்டோ மொரேனோ மொனாக்கோவில் எப்படியோ 26-வது, அதாவது கடைசி இடத்தில் கொண்டு நிறுத்தினார். எதிராளி அணிகளின் ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். பந்தயத்தில் 11 சுற்றோடு இன்ஜின் போய்விட்டது.

அந்த ஆண்டோடு எட்டு மணிப் பரீட்சை முடிந்தது. யாரும் இரக்கப்பட்டு நிறுத்தவில்லை. பரீட்சை எழுத ஆளில்லை. பணம் தீர்ந்து ஒவ்வொரு அணியாகக் கடையைச் சாத்தின. 1989-ல் இருந்த 20 அணிகள் 1993-ல் 13 ஆகிவிட்டன.

இடத்தைவிட ஆள் குறைந்ததும் வேறு சிக்கல் முளைத்தது. இடம் இருக்கிறது என்பதற்காக ஊர்ந்து போகும் காரை உள்ளே விடலாமா? மணிக்கு 300 கிலோமீட்டரில் வருபவனுக்கு முன்னால் அது நடமாடும் சுவர். 1996-ல் பதில் வந்தது: 107 சதவீத விதி. முதலிடம் பிடித்தவர் ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம் 100 என்றால், 107-க்குள் முடிக்காதவர் ஞாயிற்றுக்கிழமை ஓட முடியாது. முன்பு அளவுகோல் 'எத்தனையாவது ஆள்'. இப்போது 'முதல் ஆளிடமிருந்து எத்தனை தூரம்'.

1997 மெல்போர்னில் இந்த விதி ஒரு அணியையே விழுங்கியது. ஜாக் வில்னெவ் எடுத்த நேரம் 1 நிமிடம் 29.369 வினாடி. அதில் 107 சதவீதம் 1 நிமிடம் 35.625 வினாடி. பிரிட்டனின் லோலா, பல பத்தாண்டுகளாகப் பந்தயக் கார் கட்டிய புகழ்பெற்ற நிறுவனம். விளம்பரதாரரின் அவசரத்துக்காகத் திட்டமிட்டதைவிட ஓராண்டு முன்னதாகவே சொந்த அணியோடு வந்திருந்தது. அதன் வேகமான கார்கூட வில்னெவைவிடப் பதினொரு வினாடிக்கு மேல் பின்தங்கியது. அடுத்து பிரேசில் வரை போனார்கள். அங்கே தடத்தில் இறங்காமலே அணி கலைந்தது.

அதே மெல்போர்னில் இன்னொரு காட்சியும் நடந்தது. ஆரோஸ் அணியின் பெட்ரோ டினிஸும் 107-ஐத் தாண்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு வினாடிதான் வித்தியாசம். நடுவர்கள் அவரை ஓட அனுமதித்தார்கள். 'தவிர்க்க முடியாத சந்தர்ப்பம்' என்றால் நடுவர்கள் விலக்கு அளிக்கலாம் என்பது விதியோடு வந்த இன்னொரு விதி. அவரது அணித் தோழர் முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் டேமன் ஹில். சாம்பியனே அன்று 20-வது இடத்தில், கோட்டுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான தூரத்தில்தான் தப்பினார்.

2003-ல் தகுதிச் சுற்றையே மாற்றி, ஒவ்வொருவராக ஒரே ஒரு சுற்று ஓடச் சொன்னபோது 107 விதி கைவிடப்பட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தியர்கள் வந்தார்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணியில் ஓடி, ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். தொடக்க வரிசை எத்தனை சின்னதாக முடியும் என்பதையும் அவர் நேரில் பார்த்தார். அந்த ஆண்டு இண்டியானபோலிஸில் மிஷெலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து 14 கார்கள் பந்தயத்துக்கு முன்பே ஒதுங்கிக்கொண்டன. ஓடியவை ஆறு. நரேன் நாலாவது. அவரது ஃபார்முலா 1 வாழ்க்கையின் ஐந்து புள்ளிகளும் அன்று கிடைத்தவையே.

சென்னையின் கருண் சந்தோக் வந்தது 2010-ல், ஸ்பெயின் நாட்டின் ஹெச்ஆர்டி அணியில். பஹ்ரைனில் முதல் பந்தயம். அவரது கார் முதல்முறையாக ஓடியதே தகுதிச் சுற்றில்தான். அதற்கு முன் ஒரு பயிற்சிச் சுற்றுகூட இல்லை. முதலிடம் பிடித்த செபாஸ்டியன் வெட்டலைவிடப் பத்து வினாடிக்கு மேல் மெதுவாக, கடைசியாக முடித்தார். 107 விதி அந்த ஆண்டு இருந்திருந்தால் அவரும் அணித் தோழர் புரூனோ சென்னாவும் அன்றே ஊர் திரும்பியிருப்பார்கள். விதி இல்லை. இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில், பல சுற்றுகள் பின்தங்கி என்றாலும், கொடி விழும் வரை ஓடி 14-வதாக வந்தார். மெதுவான அணிக்கு ஓடுவதைத் தவிர வேகம் கற்க வேறு வழியில்லை. குறிப்பாக, பரிசோதனை ஓட்டங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்துவிட்ட காலத்தில்.

2011-ல் விதி திரும்பி வந்தது. இம்முறை தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் வேகமானவரின் நேரத்தை வைத்துக் கணக்கு. முதல் பலி ஹெச்ஆர்டி. மெல்போர்னில் நரேன் மூன்று வினாடி வித்தியாசத்தில் வெளியே நின்றார். அணித் தோழர் லியுட்ஸியும் அப்படியே. 2012-ல் மறுபடி அதே மெல்போர்ன், அதே அணி, அதே முடிவு. இந்த முறை தவறியது சுமார் ஒன்றரை வினாடி.

ஒரு வாரம் கழித்து மலேசியாவில் நடந்ததை, இந்த விதியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே நரேன் தகுதி பெற்றார். மழை வரும் என்று நினைத்து மழை டயரோடு புறப்பட்டது அணி. மழை கொட்டியது. பந்தயத்தைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியபோது, ஏழு நாளுக்கு முன் ஓடவே லாயக்கில்லை என்று அனுப்பப்பட்டவர் பத்தாவது இடத்தில் இருந்தார். மறுபடி தொடங்கியதும் வேகமான கார்கள் அவரை எட்டின. முதலில் ஜென்சன் பட்டன், பிறகு வெட்டல், இருவரும் அவர் காரில் உரசித் தங்கள் பந்தயத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.

ஹெச்ஆர்டி அந்த ஆண்டோடு மூடப்பட்டது. 2010-ல் அதோடு சேர்ந்து வந்த மற்ற இரு அணிகளும் பெயர் மாறி, கை மாறி, 2017 தொடக்கத்துக்குள் மறைந்தன. அதன் பிறகு 2025 வரை பத்து அணி, இருபது கார். 107 விதி புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நடுவர்களின் விலக்கே வழக்கமாகிவிட்டது. 2016 ஹங்கேரியில் மழையால் பத்துப் பேருக்கு மேல் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தார்கள். எல்லாரும் ஓடினார்கள்.

அப்படியானால் வாசல் திறந்துவிட்டதா? இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. விதிப்படி 26 கார்கள் வரை ஓடலாம். ஆனால் பரிசுத் தொகையைப் பங்கிடும் பத்துப் பேருக்குப் பதினோராவது ஆள் வருவதில் விருப்பமில்லை. 2021 முதல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தில் புது அணி 20 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். பழைய அணிகளின் பங்கு குறைவதற்கு ஈட்டுத் தொகை. அதுவும் போதவில்லை. 1978 உலக சாம்பியன் மரியோ ஆண்ட்ரெட்டியின் மகன் மைக்கேல் தொடங்கிய முயற்சிக்கு சர்வதேச மோட்டார் சங்கமான எஃப்ஐஏ 2023 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. பந்தயத்தின் வணிக உரிமையாளர்கள் 2024 ஜனவரியில் மறுத்தார்கள். அந்த அணி போட்டி போடும் தரத்தில் இருக்காது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரைத் தடத்தில் ஓட்டி யாரும் நேரம் பார்க்கவில்லை. பார்க்கக் கார் இன்னும் கட்டப்படவே இல்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நடப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2019 இண்டி 500-க்கு 36 பேர் வந்தார்கள். இடம், அந்தப் பழைய கணக்குப்படி, 33. கடைசி இடத்துக்கான போட்டியில் ஒருபுறம் ஃபார்முலா 1-ல் இரண்டு முறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலான்சோ. அவருக்குப் பின்னால் மெக்லாரன். மறுபுறம் ஹுன்கோஸ் என்ற சிறு அணியின் கைல் கைசர். சில வாரங்களுக்கு முன் விளம்பரதாரர்கள் கைவிட்ட அணி. வெள்ளிக்கிழமை பயிற்சியில் கார் நொறுங்கி, வேறு காரை ராப்பகலாகத் தயார் செய்து நிறுத்தியிருந்தார்கள். அலான்சோவின் நான்கு சுற்றுச் சராசரி மணிக்கு 227.353 மைல். கைசரின் சராசரி 227.372. பத்து மைல் ஓட்டத்தில் இது வினாடியின் நூறில் ஒரு பங்கு அளவு. தகுதி பெற்ற வேறொரு அணியிடமிருந்து இடத்தை விலைக்கு வாங்க அங்கே வழி உண்டு. மெக்லாரன் அதைச் செய்யவில்லை. அலான்சோ ஊர் திரும்பினார்.

ஆண்ட்ரெட்டியின் திட்டம் பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் 'காடிலாக்' பெயரில் மறுபடி வந்தது. 2024 நவம்பரில் கொள்கை அளவில் சம்மதம், 2025 மார்ச்சில் இறுதி ஒப்புதல். 2026 பருவத்துக்கு அது பதினோராவது அணி. டிரைவர்கள் செர்ஜியோ பெரெஸும் வால்டெரி பொட்டாஸும். கார்கள் 20-லிருந்து 22 ஆனதால் தகுதிச் சுற்றின் கணக்கும் மாறுகிறது. முதல் கட்டத்தில் ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் வெளியேறுவார்கள், இரண்டாம் கட்டத்தில் இன்னும் ஆறு பேர். மிச்சம் பத்துப் பேர் முதல் வரிசைகளுக்கு மோதுவார்கள். 'வெளியேற்றம்' என்றுதான் அறிவிப்பாளர்கள் சொல்கிறார்கள். முதல் கட்டத்தில் வெளியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை 17-லிருந்து 22 வரையிலான இடங்களில் நின்று புறப்படுவார்கள்.